சர்வர் டவுன்

டோக்கன் நாற்பத்தேழு.
குடையை மடக்க மறந்து உள்ளே வந்தார்
ஜெசிந்தா சிஸ்டர்.
கோரிப்பாளையத்தில் மேம்பால வேலை.
எல்லார் தலையிலும் சிமெண்டுத் தூசி,
அவர் தலையில் மட்டும் சேலைத் தலைப்பு.
அதற்குள்ளிருந்து கைப்பைக்குள் இறங்கும்
ஒரு வெள்ளை ஒயர்.

வைப்புத்தொகை ரசீதை நீட்டினார்.
பதினான்கு லட்சம்.
முதிர்வுக்கு இன்னும் ஏழு மாதம்.
"இப்பவே உடைக்கணும். இந்தக் கணக்குக்கு அனுப்பணும்."
துண்டுச்சீட்டில் ஏதோ ஊர்க் கிளை,
ஏதோ எண்டர்பிரைசஸ்.

"எதுக்கும்மா?"
"வீடு..."
கொஞ்சம் நின்று,
யாரோ காதுக்குள் எடுத்துக்கொடுக்க,
"ரிப்பேர்" என்று முடித்தார்.

எனக்கு அவரைத் தெரியும்.
அவருக்கு என்னைத் தெரியாது.
பெரியாஸ்பத்திரியில் நாற்பது படுக்கை,
ராத்திரி டியூட்டிக்கு ஒற்றை ஆள்.
என் அப்பாவின் கையில்
மூன்று பேர் தேடித் தோற்ற நரம்பை
விளக்கைக்கூடப் போடாமல்
தொட்டே கண்டுபிடித்தவர்.
அந்த விரல்தான் இப்போது
கையெழுத்துப் போடும் இடத்தைத்
தேடிக்கொண்டிருந்தது.

"சர்வர் டவுன்" என்றேன்.

பதினோரு வருஷமாக
நாங்கள் சொல்லும் பொய்தான்.
டீ குடிக்கப் போகையில்,
நாலு மணிக்கு ஷட்டர் பாதி இறங்குகையில்,
கேட்கிறவர்கள் அத்தனை பேரும்
முகம் பார்த்தே கண்டுபிடித்துவிடும் பொய்.
இன்று ஒருநாள் மட்டும்
நம்பித் தொலைக்க வேண்டுமே என்று
வயிறு பிசைந்தது.

பின்னாலிருந்து தத்தனேரிக்காரர் கத்தினார்:
"இப்பத்தான எனக்கு முன்னாடி ஆளுக்குப் போட்டீங்க?
அதெப்படி அதுக்குள்ள டவுனாகும்?"

சிஸ்டர் என்னைப் பார்த்தார்.
ஊசிக்கு முன்பே அழுகிற பையனைப் பார்க்கும் பார்வை.
"பாப்பா, இது என் காசு."

ஆமாம், அவர் காசு.
முப்பத்தொரு வருஷத்து ராத்திரிகள்.
எங்கே கொட்டுகிறீர்கள் என்று
கண்ணாடிக்கு இந்தப்பக்கம் உட்கார்ந்து கேட்க
நான் யார்?
விதிப்புத்தகத்தில் இதற்கொரு பாரா உண்டு.
எச்சரிக்கைப் போஸ்டரும் உண்டு,
மாரியம்மன் காலண்டருக்குப் பின்னால்.
இரண்டும் அந்த நேரத்தில்
எனக்கு உதவவில்லை.

செலான் ஒன்றைத் திருப்பிப்போட்டு எழுதினேன்:
போனில் இருப்பது போலீஸ் இல்லை.
போனில் யாரையும் கைது செய்ய முடியாது.
பேசாதீர்கள். எழுதுங்கள்.

சந்து வழியாகத் தள்ளினேன்.
படித்தார்.
மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு
மறுபடி படித்தார்.
நூலில் கட்டிய பேனா எட்டவில்லை.
செலானைப் பேனாவிடம் நகர்த்தி,
கேஸ் ஷீட்டில் எழுதும் அதே நேரெழுத்தில்
எழுதினார்:

தெரியும் என்றுதான் நினைக்கிறேன்.
நேற்றிலிருந்து தூங்கவிடவில்லை.
ஒருவேளை நிஜமாக இருந்துவிட்டால்?

அந்த ஒருவேளைக்குப் பதில்
என் கம்ப்யூட்டரில் எந்தத் திரையிலும் இல்லை.

கவுண்டரை விட்டு எழுந்தேன்.
எழக்கூடாது.
கதவைத் திறந்து அவர் பக்கத்தில் போய் நின்றேன்.
ஒயரைப் பிடுங்கவில்லை.
உள்ளங்கையை மட்டும் நீட்டினேன்.

எவ்வளவு நேரமோ.
டோக்கன் பலகை நாற்பத்தேழிலேயே நின்றது.
தத்தனேரிக்காரர்கூட அடங்கிவிட்டார்.
வெளியே கான்கிரீட் லாரி ஒன்று
பீப் பீப்பென்று பின்னால் வந்துகொண்டே இருந்தது.

அவரே கழற்றினார்.
என் கையில் விழுந்த வெள்ளைக் குமிழிலிருந்து
எறும்பளவுக் குரல் ஒன்று
மேடம் மேடம் என்று
யாரையோ அதட்டிக்கொண்டிருந்தது.

சிஸ்டர் என் மணிக்கட்டைப் பிடித்தார்.
சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.
உதடு மட்டும் அசைந்தது.

"நூத்திப் பதினாலு" என்றார்.
"மொதல்ல நீ உக்காரு."